கொழுக்குமலைக்கு ஜீப் ஏறும் விதம்

நூம்பலிலிருந்து பூவிருந்தவல்லிக்கோ, ஆவடியிலிருந்து அம்பத்தூருக்கோ போகிறவர்களுக்கு மேடு என்றால் மேம்பாலம்; பள்ளம் என்றால் மழைக்காலத்துக் குழி. நம்முடைய பகுதி அவ்வளவு தட்டை. சைக்கிளில் போகும்போது எதிர்க்காற்று அடித்தால்தான் நமக்குக் கால் வலிக்கும். ஆகவே, "மண் பாதையில் ஒரு வண்டி எப்படி மலை ஏறுகிறது?" என்ற கேள்வி இங்கே யாருக்கும் எழுவதில்லை. இந்த மாதம் அந்தக் கேள்வியை எடுத்துக்கொள்வோம். அதற்காக நம் மாநிலத்திலேயே உள்ள ஓர் அருமையான பாதைக்கு உங்களை அழைத்துப் போகிறேன்.

தேனி மாவட்டத்தில், போடிநாயக்கனூருக்கு மேற்கே, மேற்குத் தொடர்ச்சி மலையின் விளிம்பில் இருப்பது கொழுக்குமலை. கடல்மட்டத்திலிருந்து 7,000 அடிக்கும் மேலே, உலகிலேயே மிக உயரத்திலுள்ள தேயிலைத் தோட்டங்களில் ஒன்று அங்கே இருக்கிறது. இடம் தமிழ்நாட்டில்; ஆனால் வண்டிப் பாதையோ கேரளத்தின் வழியாக! போடியிலிருந்து போடிமெட்டு கணவாய் வழியாக மலையேறிக் கேரளத்துச் சூரியநெல்லிக்குப் போய், அங்கிருந்து ஜீப்பில் சுமார் 12 கிலோமீட்டர் கல்லும் மண்ணுமான தோட்டப் பாதையில் ஏறினால் மறுபடியும் தமிழ்நாட்டுக்குள் வந்து நிற்போம். தமிழ்நாட்டுப் பக்கத்திலிருந்து, அதாவது குரங்கணியிலிருந்து, ஒற்றையடிப் பாதைதான் உண்டு. உச்சியின் விளிம்பில் நின்றால் கீழே போடிச் சமவெளி. திரும்பினால் 2,640 மீட்டர் உயரமுள்ள மீசைப்புலிமலை. 2023 ஜூன் மாதத்திலிருந்து சென்னை சென்ட்ரலிலிருந்து போடிக்கு நேராகவே ரயில் போகிறது. ஆகவே பயணம் நமக்கு முன்பைவிட எளிது.

பன்னிரண்டு கிலோமீட்டருக்கு ஜீப் எடுத்துக்கொள்ளும் நேரம் ஒரு மணி முதல் ஒன்றரை மணி வரை. நீங்கள் சைக்கிளில் பள்ளிக்குப் போகும் வேகம்கூட இல்லை. இவ்வளவு மெதுவாகப் போவதற்கு ஒரு கணக்கு இருக்கிறது.

வண்டியைத் தள்ளுவது யார்?

வகுப்பில் நான் வழக்கமாகக் கேட்கும் கேள்வி இது: "காரை முன்னோக்கித் தள்ளும் விசை எது?" பாதிப்பேர் "எஞ்சின்" என்பார்கள். எஞ்சின் சக்கரத்தைச் சுழற்ற மட்டுமே செய்கிறது. சுழலும் சக்கரம் தரையைப் பின்னோக்கித் தள்ள, தரை அதே அளவு விசையால் சக்கரத்தை முன்னோக்கித் தள்ளுகிறது. நியூட்டனின் மூன்றாம் விதி! அந்தத் தள்ளுதல் உராய்வு விசையாகத்தான் வருகிறது. உராய்வு இல்லாத தரையில் எப்பேர்ப்பட்ட எஞ்சினும் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டு ஒரே இடத்தில் நிற்கும். எனவே மலை ஏற இரண்டு நிபந்தனைகள் உண்டு. சக்கரத்துக்குப் போதிய முறுக்கு விசை கிடைக்க வேண்டும். அதைத் தாங்கும் அளவுக்குத் தரையில் பிடிப்பும் வேண்டும்.

முதல் நிபந்தனையைப் பார்ப்போம். உதாரணத்துக்கு ஜீப்புகளின் மூதாதையை, இரண்டாம் உலகப் போரில் 1941 முதல் ஓடிய வில்லிஸ் ஜீப்பை எடுத்துக்கொள்கிறேன். இன்று சூரியநெல்லியில் ஓடும் டீசல் ஜீப்புகளின் எண்கள் வேறு, தத்துவம் ஒன்றுதான். அதன் எஞ்சின் தரும் அதிகபட்ச முறுக்கு விசை சுமார் 142 நியூட்டன் மீட்டர். சக்கரத்தின் ஆரம் சுமார் 0.36 மீட்டர். ஆட்களோடு வண்டியின் நிறை 1,500 கிலோகிராம் என்போம். அதன் எடை ஏறத்தாழ 14,700 நியூட்டன்.

பாதையில் செங்குத்தான இடம் ஒன்று வருகிறது. கிடையாக நான்கு மீட்டர் போனால் ஒரு மீட்டர் உயர்கிறது. அதாவது சுமார் 14 டிகிரிச் சாய்வு. சாய்தளத்தின் வழியே எடையின் கூறு சுமார் 3,560 நியூட்டன் வரும். கற்களின்மேல் உருளும் எதிர்ப்புக்காக இன்னும் 900 நியூட்டன் சேர்த்துக்கொள்ளுங்கள். மொத்தம் ஏறத்தாழ 4,500 நியூட்டன் விசை சக்கரங்களில் வேண்டும்.

டாப் கியரில் இந்த ஜீப்பின் எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் இடையே உள்ள விகிதம் 4.88 மட்டுமே. 142-ஐ 4.88-ஆல் பெருக்கி 0.36-ஆல் வகுத்தால் 1,925 நியூட்டன். போதாது. முதல் கியரில் இன்னொரு 2.67 மடங்கு கிடைக்கிறது. விசை 5,100 நியூட்டனைத் தாண்டுகிறது. அப்பாடா, போதும் என்கிறீர்களா? பொறுங்கள். நாம் இருப்பது 7,000 அடிக்கு மேலே. அங்கே காற்றின் அடர்த்தி கடற்கரையில் இருப்பதில் சுமார் 80 சதவீதம்தான். எஞ்சின் உறிஞ்சும் ஒவ்வொரு மூச்சிலும் ஆக்சிஜன் குறைவு; ஆகவே முறுக்கு விசையும் ஏறக்குறைய அதே அளவு குறையும். 5,100 என்பது 4,100 ஆகிவிடுகிறது. வேண்டியதோ 4,500. எஞ்சின் திணறி நின்றுவிடும்.

இங்கேதான் ஜீப்பின் இரண்டாவது கியர் குச்சிக்கு வேலை வருகிறது. அதை 'லோ' என்ற நிலைக்குத் தள்ளினால் மேலும் 1.97 மடங்கு விகிதம் சேர்கிறது. மொத்த விகிதம் 25-க்கும் மேல். மெல்லிய காற்றிலும் 8,000 நியூட்டன் வரை கிடைக்கிறது. பல்சக்கரங்களில் ஏற்படும் இழப்பைக் கழித்தாலும் மிச்சம் இருக்கும்.

ஆனால் இயற்கை எதையும் இலவசமாகத் தருவதில்லை. விசை 25 மடங்கு கூடினால் சுழற்சி 25-இல் ஒரு பங்காகக் குறையும். எஞ்சின் நிமிடத்துக்கு 1,500 சுற்று சுற்றும்போது சக்கரம் 58 சுற்றுத்தான் சுற்றும். சக்கரத்தின் சுற்றளவு 2.26 மீட்டர் என்பதால், மணிக்கு ஏறத்தாழ 8 கிலோமீட்டர் வேகம்! பன்னிரண்டு கிலோமீட்டருக்கு ஒன்றரை மணி நேரம் ஆவது ஏன் என்று இப்போது தெரிகிறதல்லவா? ஓட்டுநர் பயந்து மெதுவாகப் போகவில்லை; பல்சக்கரங்கள் அந்த வேகத்தைத்தான் அனுமதிக்கின்றன.

நான்கு சக்கரமும் இழுத்தால்

இனி தரையின் பிடிப்பு. ஈரமும் சரளையும் கலந்த பாதையில் உராய்வுக் கெழு 0.4 என்று வைத்துக்கொள்வோம். நான்கு சக்கரமும் இழுத்தால் தரை தாங்கக்கூடிய அதிகபட்ச விசை, 0.4 × 14,700 × கோசைன் 14°. சுமார் 5,700 நியூட்டன். வேண்டிய 4,500-ஐவிட அதிகம், வண்டி ஏறிவிடும். பின் சக்கரங்கள் இரண்டு மட்டும் இழுக்கும் சாதாரண வண்டியாக இருந்தால்? ஏற்றத்தில் எடை கொஞ்சம் பின்னால் சாயும்; 60 சதவீதம் பின் சக்கரங்களில் விழுவதாகக் கொண்டாலும் 3,400 நியூட்டன்தான் கிடைக்கும். எஞ்சினில் எவ்வளவு பலம் இருந்தாலும் சக்கரம் வழுக்கிச் சுற்றும். நான்கு சக்கர இயக்கம் பலத்தைக் கூட்டுவதில்லை என்பதைக் கவனியுங்கள். வண்டியின் முழு எடையையும் உராய்வுக்குப் பயன்படுத்திக்கொள்கிறது; அவ்வளவே.

உராய்வுக் கெழுவை நீங்களே வீட்டில் அளக்கலாம். ஒரு நீளமான பலகையின் மேல் ரப்பர் செருப்பு ஒன்றை வைத்து, உள்ளே ஒரு கல்லையும் வையுங்கள். பலகையின் ஒரு முனையை மெல்ல உயர்த்துங்கள். செருப்பு நழுவத் தொடங்கும் கணத்தில் முனையின் உயரத்தையும், பலகையின் கிடைத்தளத் தூரத்தையும் அளந்து, முன்னதைப் பின்னதால் வகுத்தால் கிடைப்பதுதான் உராய்வுக் கெழு. பலகை காய்ந்திருக்கும்போதும், நனைத்த பிறகும், மணல் தூவிய பிறகும் அளந்து பாருங்கள். கல்லின் எடையை மாற்றினால் விடை மாறுகிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

மழைக்காலத்தில் நம் தெருச் சேற்றில் மாட்டிக்கொண்ட காரைப் பார்த்திருப்பீர்கள். ஒரு பின் சக்கரம் சேற்றை வாரி இறைத்தபடி அசுர வேகத்தில் சுற்றும். மறு பக்கத்துச் சக்கரம் நல்ல தரையில் இருந்தும் அசையாமல் நிற்கும். 'நல்ல சக்கரம் ஏன் சும்மா இருக்கிறது?' என்று தோன்றும். குற்றவாளி டிஃபரன்ஷியல் என்ற பல்சக்கரப் பெட்டி. வண்டி திரும்பும்போது வெளிச் சக்கரம் உட்சக்கரத்தைவிட அதிகத் தூரம் போக வேண்டும். இரு சக்கரங்களுக்கும் இடையே 1.25 மீட்டர் என்றால் ஒரு முழு வட்டத்துக்கு 2π × 1.25, அதாவது சுமார் 7.85 மீட்டர் வேறுபாடு. வட்டம் சிறியதோ பெரியதோ, வேறுபாடு அதேதான். ஏன் என்று வடிவகணிதத்தில் யோசியுங்கள். இந்த வேறுபாட்டுக்கு இடம் கொடுக்கவே டிஃபரன்ஷியல் இருக்கிறது. ஆனால் அது இரு சக்கரங்களுக்கும் முறுக்கு விசையைச் சமமாகவே பங்கிடும். சேற்றிலுள்ள சக்கரம் எவ்வளவு குறைந்த விசையைத் தாங்குகிறதோ, அதே அளவுதான் நல்ல சக்கரத்துக்கும் கிடைக்கும். எனவேதான் சேற்றுச் சக்கரத்தின் அடியில் கல்லையோ, சாக்கையோ, தென்னை மட்டையையோ திணிக்கிறார்கள். ஒரு சக்கரத்துக்குப் பிடிப்புக் கொடுத்தால் மற்றதற்கும் விசை கிடைத்துவிடும்.

பழைய ஜீப்புகளில் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவே டிஃபரன்ஷியல் கிடையாது. இரண்டும் சேர்ந்தே சுற்ற வேண்டும். மண் பாதையில் சக்கரம் கொஞ்சம் சறுக்கி வேறுபாட்டைச் சரிசெய்துகொள்ளும். காய்ந்த தார்ச்சாலையில் சறுக்க முடியாமல் அச்சுகள் முறுக்கிக்கொண்டு, பற்கள் உடைவதும் உண்டு. அதனால்தான் நல்ல ஓட்டுநர் தார்ச்சாலை வந்ததும் முன் சக்கர இயக்கத்தை விடுவித்துவிடுகிறார்.

டயரின் காற்றைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒரு சக்கரத்தின்மேல் 375 கிலோகிராம் பாரம். டயருக்குள் சதுர சென்டிமீட்டருக்கு 2 கிலோகிராம் அழுத்தம் என்றால், தரையைத் தொடும் பரப்பு சுமார் 190 சதுர சென்டிமீட்டர். உங்கள் கைவிரல்களை விரித்து வைத்த அளவு. காற்றைக் கொஞ்சம் இறக்கினால் பரப்பு கூடும்; டயர் மேடுபள்ளங்களைத் தழுவிப் பிடிக்கும்; இளகிய மண்ணில் புதைவதும் குறையும். இந்தத் தத்துவத்தின் உச்சியைப் பார்க்க நாம் தூரம் போக வேண்டாம். ஆவடி கனரக ஊர்தித் தொழிற்சாலையில் தயாராகும் டாங்கிகள் 40 டன்னுக்கும் மேல் எடையுள்ளவை. ஆனால் அகன்ற சங்கிலிப் பட்டையில் எடை பரவுவதால், தரையின்மேல் அவற்றின் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 1 கிலோகிராமுக்கும் குறைவு. ஒரு காரின் டயர் அதைவிட அதிகமாகத் தரையை அழுத்துகிறது! ஆனால் கூர்மையான கற்கள் உள்ள பாதையில் காற்றை அதிகம் இறக்கக் கூடாது. டயரின் பக்கச் சுவர் கிழியும்.

ஜீப் பக்கவாட்டில் சாயும்போது உள்ளே இருப்பவர்களின் முகம் வெளிறுவதைப் பார்க்க வேண்டும். எவ்வளவு சாய்ந்தால் கவிழும்? ஈர்ப்பு மையத்திலிருந்து செங்குத்தாக இறங்கும் கோடு கீழ்ப்பக்கச் சக்கரத்துக்கு வெளியே விழுந்தால் கவிழும். ஈர்ப்பு மையம் தரையிலிருந்து 65 சென்டிமீட்டர் உயரத்தில் இருந்தால் அந்தக் கோணம் ஏறத்தாழ 44 டிகிரி. ஆட்கள் எழுந்து நின்று, கூரைமேல் மூட்டைகளையும் ஏற்றி, ஈர்ப்பு மையம் 90 சென்டிமீட்டருக்கு உயர்ந்துவிட்டால் 35 டிகிரிதான். அது அசையாமல் நிற்கும் வண்டிக்கு. குலுங்கி ஓடும் வண்டி இன்னும் முன்னதாகவே கவிழும். ஜீப்பின் பின்னால் நின்றுகொண்டு படம் எடுக்க ஆசைப்படும் மாணவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்கட்டும்.

விளிம்பில் நின்று

சரி, உச்சிக்கு வந்துவிட்டோம். வழியில் காது அடைத்துத் திறந்திருக்கும். கையிலிருக்கும் வறுவல் பொட்டலம் பந்துபோல் உப்பியிருக்கும். வெளிக்காற்றின் அழுத்தம் ஏறத்தாழ கால்பங்கு குறைந்துவிட்டதே காரணம். தண்ணீரும் இங்கே சுமார் 93 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடும். தேநீர்க் கடைக்காரர் "கொதிக்கக் கொதிக்க" தருவது நம்மூர்க் கொதிப்பைவிட 7 டிகிரி குறைவு. ஒவ்வொரு கிலோமீட்டர் உயரத்துக்கும் வெப்பம் சுமார் 6.5 டிகிரி குறைவதால், போடியில் 32 டிகிரி இருக்கும்போது இங்கே 20-ஐ ஒட்டியிருக்கும்.

கொழுக்குமலைக்குப் பெரும்பாலோர் இருட்டிலேயே புறப்படுவது சூரிய உதயத்துக்காக. கீழே உள்ள சமவெளியைவிட நாம் சுமார் 1,800 மீட்டர் உயரத்தில் நிற்கிறோம். பூமி உருண்டை என்பதால் அடிவானத்தின் தூரத்தை எளிதாகக் கணக்கிடலாம்: உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 3.57-ஆல் பெருக்கினால் கிலோமீட்டரில் விடை வரும். 1,800-இன் வர்க்கமூலம் 42.4. அடிவானம் சுமார் 150 கிலோமீட்டரில்! நேர்க்கோட்டில் மதுரை ஏறத்தாழ 100 கிலோமீட்டர்தான். கணக்குப்படி மதுரை தெரிய வேண்டும். இடையிலுள்ள குன்றுகளும், காற்றிலுள்ள தூசியும் ஈரமும் விடுவதில்லை. தூரத்து மலைகள் நீலமாகத் தெரிவதும் இடையிலுள்ள காற்றின் வேலைதான். காற்று மூலக்கூறுகள் நீல ஒளியை அதிகமாகச் சிதறடிப்பதால், மலைக்கும் நமக்கும் நடுவில் ஒரு மெல்லிய நீலத் திரை தொங்குகிறது.

உயரத்தில் நிற்பவருக்கு அடிவானம் கண்மட்டத்திலிருந்து சுமார் 1.36 டிகிரி கீழே தாழ்ந்திருக்கும். பூமி ஒரு டிகிரி சுழல 4 நிமிடம். ஆகவே கிழக்கே தடையில்லாத சமவெளி என்று கொண்டால், போடிக்காரருக்கு முன்பாகவே, 5 நிமிடத்துக்கும் சற்று மேலாக, நமக்குச் சூரியன் உதித்துவிடும். நாம் வெளிச்சத்தில் நிற்போம். கீழே ஊர் இருட்டில் கிடக்கும். பல நாள் காலையில் ஊரே தெரியாது. இரவில் குளிர்ந்த கனமான காற்று சரிவுகளில் வழிந்து பள்ளத்தில் தேங்குகிறது. அதன்மேல் சற்று வெப்பமான காற்று மூடிபோல் உட்கார்ந்துகொள்கிறது. மூடிக்குக் கீழே ஈரம் குளிர்ந்து நுண்ணிய நீர்த்துளிகளாகி வெண்மேகமாகப் பரவும். அதுதான் படங்களில் நீங்கள் பார்க்கும் மேகக் கடல். வெயில் ஏறித் தரை சூடானதும் மூடி உடைந்து, மேகம் கலைந்துவிடும்.

அழகைச் சொன்னவன் ஆபத்தையும் சொல்ல வேண்டும். 2018 மார்ச் 11 அன்று இந்த மலையிலிருந்து குரங்கணிப் பக்கமாக நடந்து இறங்கிக்கொண்டிருந்த குழுவினர் காட்டுத் தீயில் சிக்கினார்கள். சென்னையிலிருந்து சென்றவர்களும் அதில் இருந்தார்கள். இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். மார்ச்சில் அந்தச் சரிவின் புல் காய்ந்து வைக்கோலாக இருக்கும். தீ சமதரையில் பரவுவதைவிடச் சரிவில் மேல்நோக்கி மிக வேகமாகப் பரவும். சுடரும் சூடான காற்றும் மேல்நோக்கிச் சாய்ந்து, மேலேயுள்ள புல்லை முன்கூட்டியே உலர்த்திச் சூடேற்றிவிடுகின்றன. சரிவு 10 டிகிரி கூடினால் தீயின் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது தீயணைப்பாளர்களின் கணக்கு. தீக்கு மேலே உள்ளவர் மேல்நோக்கி ஓடித் தப்புவது கடினம். கோடையில் வனத்துறை பாதைகளை மூடினால் அதற்கு இந்த இயற்பியலே காரணம்.

இறக்கம்

ஏறுவதைவிட இறங்குவதுதான் கடினம் என்று ஓட்டுநர்கள் சொல்வார்கள். அதிலும் கணக்கு இருக்கிறது. 1,500 கிலோகிராம் வண்டி 800 மீட்டர் இறங்குவதாகக் கொள்வோம். இழக்கும் நிலை ஆற்றல் 1,500 × 9.8 × 800, அதாவது சுமார் 1 கோடியே 18 லட்சம் ஜூல். அறை வெப்பத்திலுள்ள 40 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமான ஆற்றல் அது! வண்டி மெதுவாகவே இறங்க வேண்டுமானால் இவ்வளவும் எங்கேயாவது வெப்பமாக வெளியேற வேண்டும். பிரேக்கை மட்டும் மிதித்துக்கொண்டே இறங்கினால், நான்கு பிரேக் டிரம்களுக்கும் சேர்த்து 40 கிலோகிராம் இரும்பு என்று கொண்டு, வெப்பம் துளியும் வெளியேறாவிட்டால் 600 டிகிரிக்கும் மேல் சூடேறும். காற்று குளிர்விப்பதால் அவ்வளவு ஏறாது. ஆனால் அதில் பாதி ஏறினாலே பிரேக் பட்டையின் உராய்வு குறைந்துவிடும்; பிரேக் எண்ணெய் கொதித்துக் குமிழிகள் உண்டாகும். திரவத்தை அமுக்க முடியாது, வாயுவை அமுக்கலாம். மிதிபலகை தரைவரை போகும், வண்டி நிற்காது.

ஆகவே அனுபவமுள்ள ஓட்டுநர் ஏறிய அதே லோ கியரில்தான் இறங்குவார். ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிடுவார், கிளட்சைத் தொடமாட்டார். இப்போது சக்கரங்கள் எஞ்சினைச் சுற்றுகின்றன. எஞ்சின் ஒரு காற்றுப் பம்புபோல் வேலைசெய்து, அதன் உள் உராய்வும் சேர்ந்து வண்டியை இழுத்துப் பிடிக்கிறது. அந்தச் சிறிய தடை 25 மடங்காகப் பெருகிச் சக்கரங்களுக்கு வருகிறது. நான்கு சக்கரங்களிலும் பரவுவதால் ஒன்று மட்டும் பூட்டிக்கொண்டு சறுக்குவதும் குறைவு. வெப்பம் புகைக்குழாய் வழியாகவும் ரேடியேட்டர் வழியாகவும் காற்றுக்குப் போய்விடுகிறது. பிரேக், அவசரத்துக்குக் குளிர்ச்சியாகக் காத்திருக்கிறது.

சூரியநெல்லியில் இறங்கியதும் ஒரு காரியம் செய்யுங்கள். டிரம்மைத் தொட வேண்டாம். சக்கரத்துக்கு அருகில் குனிந்து மூச்சை இழுத்துப் பாருங்கள். கருகிய வாடை அடித்தால் உங்கள் ஓட்டுநர் பிரேக்கை நம்பி இறங்கியிருக்கிறார். வெறும் மண்வாசனைதான் என்றால் கியரில் இறங்கியிருக்கிறார்.